ஒன்பதாவது சிப்பை வெட்டிய கதை

1. T-யோடு நின்ற பட்டியல்

காலை பத்தே முக்கால் இருக்கும். திரையின் மூலையில் ‘மெமரி ஃபுல்’ என்று விட்டுவிட்டு மின்னியது. நான் ஏற்றிக்கொண்டிருந்தது எங்கள் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் விண்ணப்பப் பட்டியல். A-யில் ஆரம்பித்து, T-யின் கடைசிப் பெயரான திருப்பதையா வரை வந்திருந்தேன். அடுத்தது U. அதில் ஒரே ஒருவர். அதற்கப்புறம் V. அந்த V-யில்தான் என் பெயர் இருந்தது.

என் பெயர் வரதராஜன். எண்பதுகளின் பின்பாதியில் ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், பெர்சனல் டிபார்ட்மெண்டின் ஒரே கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் காலையில் உறையைக் கழற்றி மடித்து வைப்பது, மாலையில் மறுபடி மாட்டுவது, இரண்டுக்கும் நடுவில் யாராவது டிப்பன் பாக்ஸை மானிட்டர் மேல் வைத்தால் எடுக்கச் சொல்வது. மிச்ச நேரத்தில் வேலையும் பார்ப்பேன்.

புது பிளாக்கில் இருபத்து நான்கு வீடுகள் தயாராகியிருந்தன. சர்வீஸுக்கு இவ்வளவு, குடும்ப நபர்களுக்கு இவ்வளவு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் தூரத்துக்கு இவ்வளவு என்று பாயிண்ட் போட்டு, அதிகம் வாங்கியவர்களுக்கு வீடு. கணக்கில் கை விளையாடக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்து, ‘கம்ப்யூட்டர் லிஸ்ட் மட்டுமே செல்லும்’ என்று சர்க்குலர் விட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வீடு வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. நான் குடியிருந்தது லோத்குண்டாவில். அங்கிருந்து காஞ்சன்பாக் வருவது ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வருவது. இரண்டு பஸ். விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் பஞ்ச் அடிக்க முடியும். திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். நாலு வயசுக் குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்து, “அம்மா, பஸ் அங்கிள் ஒச்சாடு” என்று, அதாவது பஸ் மாமா வந்துவிட்டார் என்று, தெலுங்கில் அறிவித்தாள். என் மனைவி சரோஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே மெமரி ஃபுல் என்றதும் நேராக எங்கள் பெர்சனல் மேனேஜர் ராவ் சாரிடம் ஓடினேன். அவர் சில காலம் சென்னையில் வேலை பார்த்தவர். தமிழ்க்காரன் கிடைத்தால் தமிழில்தான் பேசுவார்.

“ஏமய்யா வரதராஜன், டி வரைக்கும் வந்திடுச்சுல்ல? அது போதும். மிச்சம் பேரு அடுத்த ஃபேஸ்ல பார்த்துக்கலாம்.”

“சார், ஹைதராபாத்துல பாதிப் பேரு வெங்கட்டுதான். எல்லாரும் V சார்.”

“நானு V இல்லையே” என்றார் ராவ் சார். பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை போல. “சரி, ஏதாவது செய். ஆனா கம்ப்யூட்டர் லிஸ்ட்டா இருக்கணும்.”

பட்டியலை இரண்டாகப் பிரித்து ஏற்றி, பிறகு கையால் சேர்த்துவிடலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கை பட்டால் அது கம்ப்யூட்டர் லிஸ்ட் ஆகாதாம்.

2. நாற்பத்தொரு வெங்க்

முதல் யோசனை ராவ் சாருடையது. பெயரைச் சுருக்கினால் இடம் மிச்சமாகும் அல்லவா? பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது மாதிரி. ஒரு பெயருக்கு நாலே ஆங்கில எழுத்து என்று வைத்தோம். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். வெங்கடேஸ்வர ராவ், வெங்கட ரமணா, வெங்கட் ரெட்டி, வெங்கட நரசிம்மாச்சாரி எல்லாரும் ‘வெங்க்’ ஆனார்கள். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் நாற்பத்தொரு வெங்க். அதில் எந்த வெங்க்குக்கு வீடு என்று வெங்க்குகளுக்கே தெரியாது.

அப்படியும் W வரைதான் வந்தது. யாதகிரி, யூசுப், ஜாஹீர் எல்லாரும் வெளியே.

ஜாஹீர் பாய் ஸ்டோர்ஸில் சீனியர் கிளார்க். பூர்வீகம் வாணியம்பாடி. உப்பலில் ஒற்றை அறையில் தாயார், மனைவி, ஆறு பிள்ளைகளோடு இருந்தார். Z-யில் தொடங்குவதால் எங்கள் பட்டியலின் கடைசிப் பெயர் அவருடையதுதான். பிரிண்ட்டை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். காகிதம் முடிந்தது. பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

“வரதன் பாய், என் பேரு ஏன் வரலே?”

“மெமரி பத்தல பாய்.”

“ரேஷன் கடையிலயும் இதேதான் சொல்றான், என் முறை வர்றப்போ சர்க்கரை தீந்துடுச்சுன்னு. இப்ப மிஷினும் சொல்லுதா? இசட்டுல பொறந்தது என் தப்பா?”

“என் பேரும் முழுசா வரல பாய். நான் வெறும் ‘வர’.”

“நீ ‘வர’வாவது இருக்கே. நான் இல்லவே இல்லே.”

சுருக்கின பெயர்களை மறுபடி நீட்டுவதற்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

3. கார்டா, சிப்பா?

இன்றைக்கு மெமரி கூட்டுவது சின்ன வேலை. கடைக்குப் போய் ஒரு பட்டையை வாங்கிச் சொருகினால் ஆயிற்று. அன்றைக்கு எங்கள் பி.சி.யில் இருந்தது 256 கே.பி. எம்.பி. இல்லை, ஜி.பி. இல்லை, கே.பி. தான். அதிகபட்சம் 640 வரை போகலாம். போக இரண்டு வழி.

ஒன்று, மெமரி கார்டு. ஸ்லாட்டில் சொருகும் தனி போர்டு. சுலபம். ஆனால் கேபினட்டைத் திறந்து பார்த்தால் ஸ்லாட் காலியில்லை. டிஸ்பிளேவுக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, ஃப்ளாப்பிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டரைக் கழற்றிவிட்டு மெமரி போட்டால் பட்டியல் உள்ளே இருக்கும், வெளியே வராது.

இரண்டாவது வழி, மதர்போர்டிலேயே சிப் மாற்றுவது. போர்டில் நாலு வரிசை சாக்கெட். ஒரு வரிசைக்கு ஒன்பது சிப். முதல் இரண்டு வரிசையில் இருக்கும் சின்ன சிப்புகளைப் பிடுங்கிவிட்டுப் பெரியதாகப் போட்டு, ஜம்பர் என்ற சின்ன இணைப்பையும் மாற்றினால் 640. ஆக வேண்டியது பதினெட்டு சிப். நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போது யோசித்தாலும் சரியான முடிவுதான். முடிவில் தப்பில்லை, அதை எழுதிக் கொடுத்த விதத்தில்தான் தப்பு.

எழுதிக் கொடுக்கும் முன்னால் இன்னொரு முட்டுக்கட்டை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் எல்லாமே கிரேடுபடி. கை வைத்த நாற்காலி எந்தக் கிரேடுக்கு, நாற்காலியில் போடும் டவல் எந்தக் கிரேடுக்கு என்று விதி உண்டு. மெமரிக்கும் அப்படியே ஆக்கிவிட்டார்கள். எம்.டி. அறையில் 640, ஜெனரல் மேனேஜர்களுக்கு 512, வேலை செய்கிறவர்களுக்கு 256. என் மேஜையில் 640 வந்தால் நான் எம்.டி.க்குச் சமம் ஆகிவிடுவேன் என்று ஒரு ஃபைல் பத்து நாள் சுற்றியது. ‘இந்த மெமரி ஊழியருக்கு அல்ல, பட்டியலுக்கு’ என்று ராவ் சார் நோட் போட்டார். அந்த ஒரு வரிக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

4. சுடலைமுத்து சாரின் சிவப்பு மை

ஃபைல் ஃபைனான்ஸுக்குப் போனது. அங்கே சுடலைமுத்து சார். திருநெல்வேலிக்காரர், நேர்மையானவர், எதிலும் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நாலு மின்விசிறி கேட்டால் மூன்று வரும். ஆகவே எல்லாரும் ஒன்று கூட்டிக் கேட்பார்கள். நான் புது ஆள். சரியான எண்ணிக்கையைக் கேட்டுவிட்டேன்.

பதினெட்டைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதியிருந்தார். போய் நின்றேன்.

“என்னவே வரதராசா, கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தது நீருதானே?”

ஆமாம். அதிகாரிகளுக்காகப் புதன்கிழமைதோறும் நான்தான் வகுப்பு எடுத்தேன். பாதிப் பேர் தூங்குவார்கள். தூங்காமல் எழுதிக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

நீள நோட்டைத் திறந்து காட்டினார். “இந்தா, ஒம்ம வாயால சொன்னது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டு. ஒரு பிட்டுக்கு ஒரு சிப்பு. அப்போ வரிசைக்கு எட்டு. ஒம்பதாவது எதுக்குவே?”

“சார், அது பேரிட்டி.”

“பேரிட்டியோ பூரிக்கட்டையோ, அதுல டேட்டா இருக்குமா?”

“இருக்காது சார்.”

“டேட்டா இல்லாத சிப்ப கவர்மெண்டு பணத்துல வாங்கணுமாக்கும்? கத்திரிக்காக் கடையா இது, கொசுறு கேக்க?”

நான் விளக்கினேன். மற்ற எட்டு பிட்டிலும் ஒன்றுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதற்கேற்ப ஒன்பதாவது பிட் மாறும், படிக்கும்போது அது பொருந்தாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். “இதை நீரு கிளாஸ்ல சொல்லலையே” என்றார். சொல்லவில்லைதான். குழப்பம் வேண்டாம் என்று விட்டிருந்தேன்.

மூன்று கொட்டேஷன், கமிட்டி, சப்ளை ஆர்டர் எல்லாம் முடிந்து ஆறு வாரத்தில் சிப் வந்தது. பதினாறு. பட்டியலுக்குக் கெடு சனிக்கிழமை மதியம் ஒரு மணி. சிப் வந்தது வெள்ளிக்கிழமை.

வரிசைக்கு எட்டாகப் போட்டேன். ‘பேரிட்டி செக்’ என்று திரை உறைந்தது. ஒரு வரிசைக்கு ஒன்பது போட்டுவிட்டு அடுத்ததை விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்து 256 என்றது. புது சிப் போட்டு, பழைய அளவுக்கே வந்து சேர்ந்திருந்தோம்.

சுடலைமுத்து சாரைக் கையோடு கூட்டி வந்து திரையைக் காட்டினேன். எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “சார், எட்டு சிப்பு வேலை செய்யுது. ஒம்பதாவது ஆடிட்டர். அவர் வேலை ஒண்ணும் செய்ய மாட்டார். மத்த எட்டும் தப்புப் பண்ணினா பிடிப்பார். நீங்க ரெண்டு ஆடிட்டரை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அட பாவி! இதை மொதல்லயே சொல்லக் கூடாதாவே? ஆடிட்டுன்னா எவன்வே வெட்டுவான்?”

மேலும் இரண்டு சிப் வாங்கப் புது இண்டென்ட் அங்கேயே கையெழுத்தானது. ஆனால் அதுவும் மூன்று கொட்டேஷன், கமிட்டி, ஆறு வாரம் என்றுதான் வரும். எங்களிடம் இருந்ததோ ஒரு நாள்.

5. சனிக்கிழமை

ஜெனரல் மேனேஜர்கள் வேறு கட்டடங்களில் இருந்ததால், பெரிய சிப் போட்ட பி.சி. எங்கள் கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது. அது எம்.டி. அறையில், வெல்வெட் உறைக்குள் இருந்தது. அதில் அவர் ஒரு எழுத்து அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் விருந்தினர் வந்தால் உறையை எடுத்து ஆன் செய்வார். அந்தக் கால மிஷின் எழுந்திருக்கும்போது தன் மெமரியை 64, 128, 192 என்று எண்ணிக்கொண்டே போகும். கடைசியில் ‘640 கே.பி. ஓகே’ என்று வந்ததும் எம்.டி. விருந்தினரைப் பெருமையாகப் பார்ப்பார். விருந்தினர் தலையாட்டுவார். உடனே ஆஃப் செய்து உறையை மாட்டிவிடுவார்கள்.

எம்.டி.யின் பி.ஏ. பிரமீளா மேடம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு நானும் ஜாஹீர் பாயும் போய் நின்றோம். ஒரு வரிசைக்கு ஒன்றாக இரண்டே இரண்டு சிப் கடன் வேண்டும், ஒரு மணிக்குள் திருப்பித் தந்துவிடுவோம் என்றோம்.

“வத்து அண்டி, வத்து!” என்று இரண்டு கையையும் ஆட்டினார் மேடம். வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். “எம்.டி. காரு பார்த்தா நா உத்யோகம் போதுந்தி!” தன் வேலையே போய்விடுமாம்.

எம்.டி. டூரில் இருந்தார், திங்கள்தான் வருவார். அதைச் சொன்னேன். அசையவில்லை. ஜாஹீர் பாய் பர்ஸிலிருந்து குடும்ப ஃபோட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தார். எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒன்பதாவது ஆள் அவர். ஃபோட்டோவில் இடம் போதாமல் அவருடைய பாதித் தோள் வெட்டுப்பட்டிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்டி கண்டக்கு நாக்கு காவாலி” என்றார். ஒரு மணிக்கு எனக்கு வேண்டும் என்று பொருள்.

எம்.டி. மிஷினிலிருந்து இரண்டு சிப் எடுத்துவிட்டால் அங்கேயும் ‘பேரிட்டி செக்’ வரும். ஆகவே அங்கே இரண்டு வரிசையையும் கழற்றி, என் பழைய சின்ன சிப்புகளைப் போட்டு, ஜம்பரை மாற்றி, 256 ஆக்கி வைத்தேன். எம்.டி.யின் மிச்சப் பதினாறு சிப்பும் மேடத்தின் டிப்பன் பாக்ஸ் மூடியில் இருந்தன. நான் கீழே ஓடி வந்து, எங்கள் பதினாறோடு அந்த இரண்டையும் சேர்த்து, ஒரு சிப்புக்குக் கால் மடங்கி, அதை நகத்தால் நிமிர்த்தி, ஒரு வழியாக ஆன் செய்தேன். 640 கே.பி. ஓகே. ஜாஹீர் பாய் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

U, V, W, Y என்று ஏற்றிக்கொண்டே போனேன். பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது. மேடத்தின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. எம்.டி. டூரை முடித்துக்கொண்டு டெல்லியிலிருந்து வந்த மூன்று விருந்தினர்களோடு அறைக்குள் இருக்கிறார், உறையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு நடந்ததை மேடம்தான் சொன்னார். மிஷின் 64, 128, 192 என்று எண்ணிக்கொண்டு போய், 256-இல் ‘ஓகே’ என்று சொல்லி நின்றுவிட்டது. எம்.டி. காத்திருந்தார். விருந்தினரும் காத்திருந்தார்கள். மேலே போகவில்லை. எம்.டி. மெதுவாக மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடத்துக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

“டுடே சாட்டர்டே, சார். ஹாஃப் டே.”

எம்.டி. ஒரு கணம் யோசித்தார். “ஆஃப் கோர்ஸ்” என்று விருந்தினர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். விருந்தினரில் ஒருவர், எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் என்றாராம். உறையை மாட்டினார்கள்.

6. இருபத்து நான்குக்கு அடுத்த ஆள்

பன்னிரண்டு மணிக்கு ஜாஹீர் பாயின் பெயரையும் ஏற்றி முடித்தேன். பாயிண்ட் படி வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். மிஷின் சில நிமிடம் யோசித்தது. என் பின்னால் ஜாஹீர் பாய். அவருக்குப் பின்னால், ஆடிட்டர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்களா என்று பார்க்க வந்த சுடலைமுத்து சார்.

பட்டியல் வந்தது. முதல் பெயர் ஜாஹீர். அத்தனை வருட சர்வீஸ், அத்தனை பேர் குடும்பம், வேறு எப்படி வரும்? பாய் என் தோளை அழுத்திப் பிடித்தார். நான் கீழே இறங்கினேன். ஒரு வெங்கட் வந்தார், இன்னொரு வெங்கட் வந்தார், யாதகிரி வந்தார். இருபத்து மூன்று. இருபத்து நான்கு. இருபத்தைந்தாவது நான்.

இன்று மறைத்து என்ன ஆகப் போகிறது? வாய் விட்டு அழலாம் போல இருந்தது. கர்சர் என் வரிசையில் தூரம் என்ற கட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. லோத்குண்டாவை இன்னும் இரண்டு கிலோமீட்டர் வடக்கே தள்ளினால் போதும். பின்னால் நின்ற இருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் கண்ணில் கண்ணீர், இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்ட் என்று அடித்தேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர் கர் என்று என் விதியை அச்சடித்தது.

எம்.டி. விருந்தினரோடு வெளியே போன நேரம் பார்த்து, பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு சிப்பும் டிப்பன் மூடியிலிருந்த பதினாறோடு எம்.டி. மிஷினுக்குத் திரும்பிப் போயின.

அன்று இரவு சரோஜாவிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“ரெண்டு மாசமா மெமரி, மெமரின்னு தூக்கத்துல கூடப் புலம்பினீங்களே, அது எதுக்கு?”

“லிஸ்ட்ல என் பேரு வரணும்னு.”

“வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப சாப்பிடுங்க” என்று சோற்றைப் போட்டாள். கோபமா கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இரண்டு பஸ் ஏறி வந்த பிறகுதான் எங்களுக்கு வீடு கிடைத்தது.

இளைஞர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. மெமரி வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து ஸ்லாட்டையும் சாக்கெட்டையும் எண்ணுங்கள். வகுப்பு எடுத்தால் முழுதாகச் சொல்லிக் கொடுங்கள், பாதி விஷயம் சிவப்பு மையாகத் திரும்பி வரும். இன்னொன்றும் உண்டு. இடத்தைப் பெரிதாக்கினால் நம் பெயர் மட்டும் உள்ளே வராது, வெளியே நின்ற எல்லாருடைய பெயரும் வரும். அவர்களில் நமக்கு முன்னால் நிற்க வேண்டியவர் நிச்சயம் இருப்பார். ஜாஹீர் பாய் குடி வந்த அன்று அவருடைய இரும்பு பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். முதுகு இன்னும் வலிக்கிறது. அதைத் தூக்கியதற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.